பச்சை பெயின்ட்டுக்கு அடியில்

“மிலிட்டரி டிப்போவுல ஆள் தெரிஞ்சா முப்பதாயிரத்துக்கு ஜிப்ஸி எடுத்துடலாம்.” மலையடிவார ஊர்களில், ஒர்க்‌ஷாப் வாசல்களில், தோட்டம் வைத்திருப்பவர்கள் கூடுகிற இடங்களில் இந்தப் பேச்சு வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எடுத்தவர் யார் என்று கேட்டால் சித்தப்பாவின் நண்பர், இல்லையென்றால் அந்த நண்பரின் மச்சான்.

ஆசை நியாயமானதுதான். மாருதி ஜிப்ஸி 1985-ல் அறிமுகமானது. எடை குறைவு, நான்கு சக்கரத்துக்கும் இழுவை, சாதாரண ஸ்பேனர் செட்டை வைத்து வழியிலேயே பல வேலைகளை முடித்துவிடக்கூடிய எளிய கட்டுமானம். ஏர்பேக், மோதல் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான புது விதிகள் வந்தபோது அந்த வண்டி அவற்றுக்குப் பொருந்தவில்லை. 2019-ஐ ஒட்டி பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. ராணுவத்துக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஜோங்கா இன்னும் அரிது. நிசான் பேட்ரோலை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் உருவான அந்த வண்டிக்கு 3,956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். 1999-ல் தயாரிப்பு முடிந்துவிட்டது. 2019-ல் மகேந்திர சிங் தோனி ராஞ்சியில் ஒரு ஜோங்காவை ஓட்டிச் சென்ற படங்கள் வெளியானபோது அந்தப் பெயர் புதிய தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஷோரூமில் கிடைக்காத வண்டி என்றால் மனசு முந்திக்கொள்ளும், கண் பின்தங்கிவிடும். முதன்முறை வாங்குகிறவர் பணத்தை இழப்பது அந்த இடைவெளியில்தான்.

“டிப்போவில் ஆள் இருந்தால் போதும்”

டிப்போவில் இருக்கும் எந்த அதிகாரிக்கும் ஒரு வண்டியைத் தெரிந்தவருக்குத் தூக்கிக் கொடுக்க வழியில்லை. கழித்துக் கட்டிய, ‘டிஸ்போசல்’ என்று சொல்லப்படும் வண்டிகள் ஏலத்துக்கு வருகின்றன. அந்த ஏலங்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. மூலமாக இணையத்தில் நடக்கின்றன. மத்திய எஃகு அமைச்சகத்தின் கீழ் 1964-ல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஏலம் கேட்க முன்கூட்டியே பதிவு செய்து முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். ‘இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்’ என்பதே விற்பனை நிபந்தனை. எடுத்த பிறகு கியர் பாக்ஸ் இல்லை என்று புகார் சொல்ல முடியாது. அதிகத் தொகை கேட்டவருக்கே வண்டி என்பதும் உடனே உறுதியாவதில்லை. மேலிட ஒப்புதல் வர வேண்டியிருக்கலாம். குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் இடவாடகை ஏறும்.

இன்னொரு சங்கதி, வண்டிகள் பல சமயம் ஒன்றொன்றாக வருவதில்லை. பல வண்டிகளைச் சேர்த்து ஒரே லாட்டாகப் போடுவார்கள். அந்த லாட்டில் ஓடக்கூடியதும் இருக்கும், சக்கரமில்லாமல் கல்லில் நிற்பதும் இருக்கும். இதைக் கேட்டு எடுப்பவர்கள் இதையே தொழிலாகக் கொண்ட வியாபாரிகள். மேற்கு வங்கத்தின் பானாகட், ஹரியானாவின் டப்வாலி போன்ற ஊர்கள் இந்த வியாபாரத்தால் பெயர் பெற்றவை. பானாகட்டில் இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவம் தளம் அமைத்திருந்தது. ராணுவ வண்டிகளின் உதிரிபாகச் சந்தை இன்றும் அங்கே உண்டு. டப்வாலியில் பழைய ஜீப்புகளைப் பிரித்து, புது பாடி கட்டி விற்பதே ஒரு தொழில். ஆக, தமிழ்நாட்டில் ஒருவர் கைக்கு வந்து சேரும் டிஸ்போசல் வண்டி இரண்டு மூன்று கை மாறியிருக்கும். ஏலத்தொகையோடு ஜி.எஸ்.டி., லாரி வாடகை, மராமத்துச் செலவு, ஒவ்வொரு கையின் லாபம், இங்கே வந்ததும் வரி என்று எல்லாம் கூடிய பிறகுதான் அதன் விலை. முப்பதாயிரம் ரூபாய் பேச்சு இந்தக் கணக்கில் எங்கேயும் பொருந்தாது.

மலிவு விலையில் மயங்குபவர்களைக் குறிவைத்தே ஒரு மோசடி நடக்கிறது. சீருடைப் படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, “டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, வண்டியை அவசரமாக விற்க வேண்டும், ராணுவ டிரான்ஸ்போர்ட்டில் வீட்டுக்கே வந்துவிடும், முன்பணம் மட்டும் அனுப்புங்கள்” என்பார்கள். பல மாநிலக் காவல் துறைகள் இதைப் பற்றி எச்சரித்திருக்கின்றன. ராணுவத்துக்குச் சொந்தமான எந்த வண்டியும் வாட்ஸ்அப்பில் விற்பனைக்கு வராது. படைவீரர் ஒருவர் தன் சொந்த வண்டியை விற்கலாம். அதையும் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பத் தேவையில்லை.

“ராணுவம் பார்த்துக்கொண்ட வண்டி, குறையே இருக்காது”

பாதி உண்மை. ராணுவத்தில் இ.எம்.இ. என்ற தனிப் பொறியியல் பிரிவே வண்டிகளைக் கவனிக்கிறது. முறைப்படி சோதனை, முறைப்படி ஆயில் மாற்றம், எல்லாவற்றுக்கும் பதிவு. பணியில் இருக்கிற வரை அந்த வண்டிக்குக் கிடைக்கும் கவனிப்பு தனியார் வண்டிகளில் பலவற்றுக்குக் கிடைக்காது. ஆனால், ஓட வேண்டிய ஆண்டும் தூரமும் முடிந்து, இனிச் செலவு செய்து ஓட்டுவது கட்டாது என்று முடிவான பிறகுதான் அது ஏலத்துக்கு வருகிறது. பிறகு வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் நிற்கிறது. அதற்குள் நல்ல டைனமோ, நல்ல கார்புரேட்டர் வேறு வண்டிக்குப் போயிருக்கலாம்.

“நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு” என்று மீட்டரைக் காட்டுவார்கள். மீட்டர் பொய் சொல்லாமலேயே ஏமாற்றும். வயர்லெஸ் செட் வைத்த வண்டி, பேட்டரி சார்ஜ் ஆவதற்காக நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டிருக்கும். அந்த நேரத்தில் மீட்டர் ஒரு கிலோமீட்டரும் ஏறாது, இன்ஜின் தேய்ந்துகொண்டே இருக்கும். லோ கியரில் மலையேறிய தூரத்துக்கும் நெடுஞ்சாலையில் போன தூரத்துக்கும் தேய்மானம் ஒன்றல்ல. ஓடாமல் நின்றாலும் கேடுதான்: ஆயில் சீல் காய்ந்து போகும், ரப்பர் வெடிக்கும், டேங்கின் உள்ளே துரு பிடிக்கும்.

டயரில் பூ முழுசாக இருக்கிறதே என்று திருப்திப்படவும் முடியாது. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ தேயாத பத்து வயசு டயரை வேகத்தில் நம்பக் கூடாது.

எங்கே குனிந்து பார்ப்பது?

நேரில் போகும்போது ஒரு டார்ச், ஒரு காந்தம், கோணி அல்லது பழைய பாய், ஸ்க்ரூ டிரைவர், ஜாக்கி, கம்பி பிரஷ், மண்ணெண்ணெய்த் துணி, பென்சில், வெள்ளைத்தாள் போதும். கூடவே ஜீப் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர். அவருக்குக் கொடுக்கிற ஒரு நாள் கூலி வீண்போகாது.

முதல் வேலை, பானெட்டின் மேல் கை வைப்பது. சூடாக இருந்தால், வாங்க வருகிறவருக்காக வண்டியை முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். திரும்பிப் போய் மறுநாள் காலை வருவது நல்லது. காலைக் குளிரில் முதல் சாவியில் என்ன நடக்கிறது என்பதில்தான் இன்ஜினின் உடல்நிலை தெரியும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது.

அடுத்து, பாயைப் போட்டு அடியில் படுக்க வேண்டும். பச்சை பெயின்ட் பளபளவென்று புதிதாக இருந்தால் சந்தேகம் கூட வேண்டும், குறையக் கூடாது. துருவின் மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது அரை நாள் வேலை. காந்தம் தகரத்தில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. லீஃப் ஸ்பிரிங் பட்டைகளைச் சேசிஸோடு பிடிக்கும் இடங்கள், பாடியைத் தாங்கும் மவுண்டிங்குகள், கால் மிதியின் அடித்தகரம் ஆகிய மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கலாம். உள்ளே இறங்கினால் அந்த இடம் செத்துவிட்டது. சேசிஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் அதற்கான காரணம் தெரியாமல் எழுந்திருக்கக் கூடாது.

படுத்தபடியே பின் ஆக்ஸிலின் நடு உருண்டையைப் பார்க்கலாம். ராணுவ வண்டிகளில் அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மேலே ஒரு சின்ன விளக்கு வைத்திருப்பார்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு இரவில் அணிவகுத்துப் போகும்போது பின்னால் வருகிற டிரைவர் அந்த வெளிச்ச வட்டத்தைப் பார்த்துத்தான் இடைவெளி விடுவார். அந்த வெள்ளையைப் பார்த்ததும் இது அசல் மிலிட்டரி வண்டி என்று உருகிப்போகிறவர்கள் உண்டு. அதே உருண்டையின் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்ப்பதுதான் பயன். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால், ஓடையையோ ஆற்றையோ கடந்த தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடித்திருக்கும். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலுக்கும் இதே சோதனைதான்.

ஜிப்ஸியின் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் கிங் பின், வீல் பேரிங் தேய்மானம் தெரியும். பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்டியரிங் மூட்டுகள் பேசும். இதைப் பார்க்காமல் வாங்கியவருக்கு ஐம்பது அறுபது வேகத்தில் ஸ்டியரிங் கையில் குதிக்கும்போதுதான் விஷயம் புரியும்.

நான்கு சக்கர இழுவையைத் தார் ரோட்டில் சோதிப்பது பெருந்தவறு. இந்த வண்டிகளில் முன்பின் ஆக்ஸில்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. இறுகிய தரையில் திருப்பினால் முழு அமைப்பும் முறுக்கிக்கொள்ளும். மணலிலோ உழுத நிலத்திலோ நிறுத்தி, ஹப்பைக் கையால் திருப்பும் வகையென்றால் திருப்பிவிட்டு, லீவரைப் போட்டு நகர்த்த வேண்டும். வெளியே நிற்கிற ஒருவர் முன் சக்கரமும் மண்ணைப் பறிக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும்.

“போர்க்களத்துக்குச் செய்தது, இதைவிடப் பாதுகாப்பு ஏது?”

போர்க்களத் தேவை வேறு, சாலைப் பாதுகாப்பு வேறு. சாதாரண ராணுவ ஜிப்ஸியில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, கூரை துணி. அகலம் குறைவு, உயரம் அதிகம், பின்னாலும் லீஃப் ஸ்பிரிங். வளைவில் வேகம் காட்டினால் கவிழும். குடும்பத்தோடு நெடுந்தூரம் போக வாங்குகிறவர் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும். அமெரிக்காவிலும் கதை வேறில்லை. 2014 டிசம்பரில் அங்கே ராணுவத்தின் ஹம்வி வண்டிகள் முதன்முறையாகப் பொதுமக்களுக்கு ஏலம் விடப்பட்டபோது, சாலைக்கு வெளியே ஓட்டுவதற்கு மட்டும் என்ற நிபந்தனையோடுதான் விற்றார்கள்.

“பச்சை நிறம்தானே அழகு, அப்படியே இருக்கட்டும்”

இருக்க முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. அம்புக்குறி போட்ட பழைய நம்பர் பிளேட்டையும் மாட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. ஆனால் அந்த நம்பரைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கம், ராணுவம் அந்த வண்டியை எடுத்த ஆண்டு. விற்பவர் சொல்லும் வயசு அதோடு ஒத்துப்போக வேண்டும்.

“ராணுவப் பேப்பர் இருக்கு, கவலை வேண்டாம்”

நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் எப்படியோ, டிஸ்போசல் வண்டிக்கு ஃபாரம் 21 அப்படி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆவது பிரிவின்படி ராணுவ வண்டிகளுக்குத் தனிப் பதிவு, ஆர்.டி.ஓ. பதிவு தேவையில்லை. அரசின் சொத்து என்ற நிலை முடிந்த நிமிஷத்தில் அந்தச் சலுகையும் முடிகிறது. புது உரிமையாளர் மற்ற எல்லாரையும்போல ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பாதுகாப்புத் துறை அதிகாரி கொடுத்த அசல் விற்பனைச் சான்று, ஃபாரம் 21, வேண்டும். ஜெராக்ஸும் ரசீதும் டிப்போ முத்திரை குத்திய கேட் பாஸும் அதற்கு ஈடாகாது.

2025 செப்டம்பரில் கேரளத்தில் நடந்ததை வாங்குகிறவர்கள் மறக்கக் கூடாது. ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் கொச்சி சுங்கத்துறை பல இடங்களில் சோதனையிட்டு முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பறிமுதல் செய்தது. பூட்டானிலிருந்து வரி கட்டாமல் கொண்டுவந்து, இந்திய ராணுவத்தின் பெயரிலும் தூதரகங்களின் பெயரிலும் போலிச் சான்று தயாரித்துப் பதிவு செய்த வண்டிகள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. கையில் ஆர்.சி. இருந்தும் வண்டியை இழக்க நேரிடும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் இல்லை.

ஆகவே, வெளிமாநில ஆர்.சி. உள்ள வண்டியென்றால் அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்து, அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்று கிடைக்குமா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பதிவு எந்த ஆண்டு வரை செல்லும், தமிழ்நாட்டில் வரி எவ்வளவு என்பதை உள்ளூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்பதே முறை. ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருந்து, பானெட்டுக்குள் டீசல் இன்ஜின் உறுமினால் விலகிவிடலாம். பழைய ஜோங்காவுக்கும் ஜீப்புக்கும் டீசல் இன்ஜின் மாற்றுவது சகஜம், அதை ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறார்களா என்பதே கேள்வி. தயாரித்தவர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கடைசியாக பென்சிலும் தாளும். சேசிஸ் சட்டத்தில் எண் குத்தியிருக்கும் இடத்தை, பெரும்பாலும் முன் சக்கரத்தை ஒட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, தாளை வைத்துப் பென்சிலால் உரச வேண்டும். பதிவின்போது கேட்கப்படும் அதே பென்சில் பிரிண்ட்தான் இது. எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் வருகின்றனவா, சுற்றியுள்ள இரும்பு கிரைண்டர் போட்டதுபோல் மழுங்கியிருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கலாம். பிறகு ஃபாரம் 21-ஐ விரித்து, தாளைப் பக்கத்தில் வைத்து, விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட வேண்டும். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் முன்பணம் பையிலேயே இருக்கட்டும்.