குளக்கரை காட்டும் சரிவு

நாஞ்சில் நாடு என்றவுடன் நெல்வயலும் வாழைத்தோட்டமும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின், தோவாளையைக் கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வடகிழக்கே செல்வோர் வேறொரு நிலத்தைக் காண்பர். அங்கே பசுமை குன்றும்; பனையும் உடைமரமும் மிகும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைப் பெரும்பாலும் மலைக்கு மேற்கிலேயே சொரிந்துவிட்டு, இக்கணவாயில் வறண்ட காற்றாய் விரைகின்றது. முப்பந்தலில் காற்றாலைகள் நிறுவப்பட்டமைக்கு அவ்விரைவே காரணம்.

இந்நிலத்தை முதலில் தாளிலே காண்போம். இந்திய நில அளவைத் துறையின் 58 எச் வரிசை இடவிளக்கப் படங்களில் இப்பகுதி அடங்கும். 1:50,000 அளவுத்திட்டமுடைய அப்படங்களில் தரையிலுள்ள ஒரு கிலோமீட்டர், தாளில் 2 சென்டிமீட்டராக அமையும். 20 மீட்டர் உயரத்திற்கு ஒன்றாகப் பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் வரையப்பட்டிருக்கும். மலைச்சரிவில் அவை நெருங்கி நிற்கும். சமவெளியிலோ ஒரு கோட்டிற்கும் அடுத்ததற்கும் இடையே ஊர்கள் சில அடங்கிவிடும். புதிதாய்ப் பார்ப்பவர் இங்குச் சரிவே இல்லை என்று எண்ணிவிடுவர்.

அவ்விடத்தில் நமக்குத் துணையாவன குளக்கரைகளே. குளத்தின் கரை பெரும்பாலும் வில்போல் வளைந்திருக்கும். பள்ளப் பக்கத்தில் கரை நிற்கும். மேட்டுப் பக்கம் திறந்து கிடக்கும். ஆதலின், வில்லின் முதுகு எத்திசை நோக்குகின்றதோ அத்திசையிலேயே நிலம் தாழ்கின்றது. ஒரு குளம் நிரம்பினால் அதன் மறுகால் நீர் அடுத்த குளத்தை அடையும். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்தால் நிலத்தின் சாய்வு முழுவதும் விளங்கும். அளவையாளர் 20 மீட்டருக்கு ஒரு கோடு இட்டார். குளம் அமைத்த உழவரோ ஒரு முழச் சரிவையும் அறிந்திருந்தார்!

நிறத்திலும் கருத்து வேண்டும். ஆண்டு முழுதும் நீருள்ளவை நீலமாகவும், வற்றுவன கருங்கோட்டாலும் குறிக்கப்படும். மாணவர் பலர் நீலத்தையே தேடிக் கருங்கோட்டுக் குளங்களைப் பாழென்று ஒதுக்குவர். அது பிழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் அவையே நிரம்பும். அக்கோட்டினுள் மனை வாங்குவோர் அம்மழையில் தம் பிழையை உணர்வர்.

இனி, படத்தில் தோவாளைக் கால்வாயைத் தேடுங்கள். ஊரார் அதனைச் 'சானல்' என்பர். 1906-இல் முடிவுற்ற பேச்சிப்பாறை அணையை உட்கொண்ட கோதையாற்றுப் பாசனத்தின் கிளை அது. ஓடைகள் சமஉயரக் கோடுகளை வெட்டிக்கொண்டு இறங்கும். கால்வாயோ அக்கோடுகளை ஒட்டியே மெல்லச் செல்லும். அதன் நீரை இராதாபுரம் கால்வாய் பெற்று, மலைக்கு அப்பாலுள்ள வறண்ட குளங்களை நோக்கிக் கொண்டு செல்கின்றது.