மனத்திற்கு விலங்கு இல்லை

பந்திங் போன்ற நம் நாட்டு நகரங்களில் வைகறையில் பள்ளிவாசலிலிருந்து தொழுகை அழைப்பு ஒலிக்கும். சற்று நேரத்தில் கோயில் மணி ஓசை கேட்கும். சீனர் கோயிலில் ஊதுபத்தி மணக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் தேவாலயத்தில் பாடல் எழும். இக்காட்சி நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால், ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் மக்கள் எவ்வாறு வழிபட வேண்டும் என்பதை அரசே முடிவு செய்தது. அரசின் திருச்சபைக்குச் செல்லாதவர்கள் தண்டம் கட்டினர். தனியே கூடி வழிபட்டவர்கள் சிறைக்கும் சென்றனர்.

அக்காலத்தில் தோன்றிய ஒரு சிறு கிறித்துவக் குழுவினரே பாப்டிஸ்டுகள். பச்சிளம் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதை அவர்கள் ஏற்கவில்லை. விவரம் தெரிந்த ஒருவர் தாமே நம்பி, தாமே விரும்பிப் பெறுவதே திருமுழுக்கு என்றனர். இக்கொள்கையிலிருந்து மற்றொரு கருத்தும் பிறந்தது. நம்பிக்கை என்பது அவரவர் உள்ளத்தில் எழும் முடிவு என்றால், அதனை அரசாணையால் எப்படி உண்டாக்க முடியும்?

இக்கேள்வியை மன்னரிடமே எழுப்பியவர் தாமஸ் ஹெல்விஸ். அடக்குமுறைக்கு அஞ்சி ஹாலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்திருந்த அவர், சிறை காத்திருப்பதை அறிந்தும் தாயகம் திரும்பினார். இலண்டன் நகருக்கு அருகில் இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்ட் சபையை நிறுவினார். 1612இல் சமய உரிமை பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதன் ஒரு படியை, மன்னரும் மனிதரே, இறைவன் அல்லர் என்று தம் கைப்பட எழுதி, முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு அனுப்பினார். அவர் தம் குழுவினருக்காக மட்டும் வாதாடவில்லை. யூதர், இசுலாமியர் உட்பட எவருடைய சமய நம்பிக்கையையும் தண்டிக்கும் அதிகாரம் மன்னருக்கு இல்லை என்று எழுதினார். அவர் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கேயே 1616ஆம் ஆண்டளவில் இறந்தார் எனக் கருதப்படுகிறது.

அவருக்குப் பின் வந்தவர்களுள் புகழ்பெற்றவர் ஜான் பனியன். இவர் பாத்திரங்களைப் பழுது பார்க்கும் எளிய தொழிலாளி. பெட்ஃபோர்ட் வட்டாரத்தில் சமய உரை ஆற்றி வந்தார். 1660ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு சிற்றூரில் பேசச் சென்றபோது, தம்மைக் கைது செய்ய ஆணை பிறந்துள்ளதை அறிந்தார். தப்பிச் செல்ல நேரம் இருந்தது. தாம் ஓடினால் கேட்க வந்த மக்களும் அஞ்சி ஒடுங்குவர் என எண்ணி அங்கேயே நின்றார்.

இனிப் பேசுவதில்லை என்று உறுதியளித்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தனர். மூத்த மகள் மேரிக்குக் கண்பார்வை இல்லை. அவளைப் பிரிந்த துயரம் அவர் நெஞ்சை வாட்டியது. அவருடைய மனைவி எலிசபெத் நீதிபதிகள் முன் நின்று கணவருக்காகத் துணிவுடன் வாதாடினார், பயன் கிட்டவில்லை. பனியன் சிறையில் காலணிக் கயிறுகளுக்கு முனை பொருத்தி, அந்த வருவாயால் குடும்பத்தைக் காத்தார். இப்படியே 12 ஆண்டுகள் கழிந்தன. 1672இல் விடுதலை பெற்றார். சிறையில் உருவாகத் தொடங்கியதாகக் கருதப்படும் அவருடைய ‘மோட்சப் பிரயாணம்’ 1678இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அவர் மறைந்த மறு ஆண்டு, அதாவது 1689இல், இங்கிலாந்தில் சமயப் பொறுமைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டமும் எல்லாருக்கும் முழு உரிமை தரவில்லை. எனினும், மூடிய கதவு சிறிது திறந்தது.

பனியனின் நூல் தமிழ் மண்ணையும் வந்தடைந்தது. திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1858இல் தம் விருப்பத்தால் கிறித்துவத்தைத் தழுவியவர். அவர் பனியனின் கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் பெருங்காப்பியத்தை இயற்றினார். அது 1894இல் நூலாக வெளிவந்தது. கம்பரின் நடையைப் பின்பற்றிப் பாடிய அவரைத் தமிழுலகம் ‘கிறித்துவக் கம்பர்’ எனப் போற்றுகிறது. வாயை அடைக்க நினைத்தவர்களின் பெயர்களை இன்று எவரும் நினைவில் கொள்வதில்லை. அடைபட்டவரின் கதையோ கடல் கடந்து தமிழ்க் காப்பியமாயிற்று.

நம் நாட்டில் இசுலாம் கூட்டரசின் சமயமாகும். பிற சமயங்களையும் அமைதியுடனும் இணக்கத்துடனும் பின்பற்றலாம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆம் விதி கூறுகிறது. சமய உரிமையைப் பற்றி 11ஆம் விதி விளக்குகிறது. 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடும் இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்பதே.

உரிமைகள் ஏட்டில் இருந்தால் மட்டும் போதா. அண்டை வீட்டாரின் வழிபாட்டை மதிப்பதும், நண்பரின் நம்பிக்கையை எள்ளி நகையாடாமல் இருப்பதும் நம் கடமையாகும். நமக்கு வேண்டும் உரிமையைப் பிறருக்கும் வேண்டுமெனக் கேட்பதே உண்மையான சமய உரிமை. அதனைத்தான் ஹெல்விஸ் சிறைக்குச் செல்லும் முன் எழுதி வைத்தார்.