தாய்வீட்டிலிருந்து கிளம்பும் கைக்குழந்தை: மதுரையில் விமானம் ஏறுமுன்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குக் கிளம்புவது மதுரைப் பக்கம் இன்றும் மாறாத வழக்கம். மாறியிருப்பது புருஷன் வீடு இருக்கும் ஊர்தான். முன்பு அது மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருந்தது. ஒரு வாடகைக் காரில் வேலை முடிந்துவிடும். இப்போது பெங்களூரு, ஹைதராபாத், துபாய், சிங்கப்பூர். பெருங்குடி விமான நிலையத்தின் வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும், கன்னத்தில் திருஷ்டி மையோடு ஒரு கைக்குழந்தையையாவது பார்த்துவிடலாம்.

என் தங்கையை நான்கு மாதப் பிள்ளையோடு பெங்களூரில் கொண்டுபோய் விட்டுவரும் வேலை எனக்கு வாய்த்தது. அன்றிலிருந்து சொந்தத்தில் யார் பிள்ளையோடு விமானம் ஏறினாலும் எனக்குத்தான் போன். எல்லாரும் முதலில் கேட்பது, "மேல போனதும் அழுவானா?" அழலாம். ஆனால் பெங்களூருக்கோ சென்னைக்கோ என்றால் மேலே இருப்பது சுமார் ஒரு மணி நேரம். வீட்டுப் படியிறங்கியதிலிருந்து தரையில் கழியும் நாலைந்து மணி நேரம்தான் ஆளைக் கவிழ்க்கும். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் தரையைப் பற்றியதுதான்.

நாள் குறிக்கும்போது

பிறந்த சில நாட்களிலேயே குழந்தையை ஏற்றிக்கொள்ளும் விமான நிறுவனங்கள் உண்டு. சில நிறுவனங்கள் மருத்துவர் சான்று கேட்கும். ஏற்றிக்கொள்வார்கள் என்பதற்காக அவசரப்பட வேண்டாம். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளைப் பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள். ஊசி போட்ட இரவு காய்ச்சல் அடிப்பது சகஜம். ஊசிக்கும் பயணத்துக்கும் நடுவில் நாலைந்து நாள் இருந்தால் நல்லது. பிள்ளைக்குச் சளி பிடித்திருந்தால் கிளம்புமுன் குழந்தை மருத்துவரிடம் காதைக் காட்டிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சென்னைதான் போகிறீர்கள் என்றால் ஒரு தடவை யோசிக்கலாம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைத்தால், பிள்ளை அம்மாவோடு ஒட்டிப் படுத்து விடியும்வரை தூங்கும். விமானத்தில் மிச்சமாகும் நேரத்தில் பாதி, வரிசைகளில் போய்விடும். இது என் கட்சி; என் தங்கை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

காகிதங்கள்

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது, மடிதான். ஆனாலும் பயணச்சீட்டில் பெயர் ஏற வேண்டும், அதற்கு ஒரு கட்டணமும் உண்டு. ஒரு விமானத்தில் இத்தனை கைக்குழந்தைகள்தான் என்று கணக்கு இருப்பதால், உங்கள் சீட்டைப் போடும்போதே பிள்ளையையும் சேர்த்துவிடுங்கள். வயது கணக்கிடுவது பயணம் செய்யும் தேதியில். போகும்போது ஒன்றே முக்கால் வயது, திரும்பும்போது இரண்டு முடிந்துவிட்டது என்றால் திரும்பும் பயணத்துக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும்.

வயதுக்கு அத்தாட்சி காட்டாமல் மடிக்குழந்தையை விடமாட்டார்கள். பிறப்புச் சான்றிதழ்தான் எல்லாவற்றிலும் உறுதி; உள்நாட்டுப் பயணத்தில் தடுப்பூசி அட்டையையும் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். நம் ஊர்ச் சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 15 வருடம்வரை தாமதக் கட்டணத்தோடு. மாநகராட்சியில் பதிவானதா, ஊராட்சியில் பதிவானதா என்று பார்த்து, பதிந்த இடத்திலேயே போய்க் கேளுங்கள். கர்ப்பக் காலத்தில் வாங்கிய பிக்மி எண் இருக்கும் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள், கேட்பார்கள்.

அடுத்தது இனிஷியல். சான்றிதழில் இனியன் என்று மட்டும் இருக்கும். சீட்டு போடும் தளமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. அங்கே அப்பாவின் பெயரை முழுதாகப் போடுங்கள், ஒற்றை எழுத்தைப் போட்டு வைக்காதீர்கள். வெளிநாடு போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே, ஒரு எழுத்து மாறாமல்.

கொழும்போ துபாயோ சிங்கப்பூரோ, பச்சைக் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். மதுரையிலேயே மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் இருப்பதால் அலைச்சல் குறைவு. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி அத்தாட்சியாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத்தான் ஏற்பார்கள், அதனால் மேலே சொன்ன காலி இடத்தை முதலில் நிரப்புங்கள். அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அவருடைய ஒப்புதலுக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் அத்தாட்சி கேட்கப்படுவதுண்டு. இந்த ஒரு தாளுக்காகவே நாள் தள்ளிப்போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். புகைப்படத்துக்கு ஸ்டூடியோவில் மல்லுக்கட்ட வேண்டாம். கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, மேலிருந்து எடுங்கள். கண் திறந்திருக்க வேண்டும், தாங்கிப் பிடித்த கை தெரியக் கூடாது.

எல்லாம் சேகரித்தபின் அவற்றை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். நாங்கள் சான்றிதழை அழகாக உறை போட்டுப் பெரிய பெட்டியின் அடியில் வைத்திருந்தோம். நுழைவாசலில் நின்றுகொண்டு, ஊர் பார்க்கப் பெட்டியைத் திறந்து, பிரசவ லேகிய டப்பாவுக்கும் தங்கையின் நைட்டிகளுக்கும் கீழே அதைத் தேடி எடுத்தேன். தோளில் மாட்டும் பையின் வெளி ஜிப், அதுதான் அதற்கு இடம்.

இருக்கை

மதுரையிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏடிஆர் என்ற சின்ன விமானங்கள் ஓடுவதுண்டு. இறக்கை மேலே இருக்கும், முன்னால் காற்றாடி சுற்றும், நடைபாதையின் இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள். ஏறும் படி வால் பக்கம். காற்றாடிக்கு நேராக இருக்கும் வரிசைகளில் இரைச்சல் அதிகம், பின்னால் குறைவு, கழிப்பறையும் பின்னால்தான். ஆக, எல்லாரும் முன்சீட்டுக்கு அடித்துக்கொள்ளும்போது நீங்கள் பேசாமல் பின்பக்கச் சன்னலோரத்தைக் கேளுங்கள். அம்மா சன்னலோரம், துணைக்கு வருகிறவர் பக்கத்தில். பால் கொடுக்க அதுவே மறைப்பு.

பெரிய ஏர்பஸ்களில் மூன்று இருக்கைக்கு நான்கு ஆக்சிஜன் முகமூடிகள் இருக்கும். ஒரு வரிசையின் ஒரே பக்கத்தில் இரண்டு கைக்குழந்தைகளை உட்கார வைக்காததற்குக் காரணம் அதுதான். இடம் மாறச் சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். சுவரில் மாட்டும் தொட்டில் கேட்பவர்களுக்கு: சென்னையிலிருந்து கிளம்பும் அகல விமானங்களில் கிடைக்கும், மதுரையில் வந்து நிற்கும் விமானங்களில் எதிர்பார்க்காதீர்கள்.

பை

வீட்டில் எல்லாரும் ஆளுக்கொன்று திணிப்பார்கள். ஒரு பெட்டி, ஒரு தோள்பை, அதற்குள் ஒரு சின்னப் பொட்டலம் என்று முடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னப் பொட்டலம்தான் விமானத்தில் உங்கள் காலடியில் இருக்க வேண்டியது: இரண்டு டயப்பர், ஈரத் துடைப்பான், அழுக்குக்கு ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு மாற்றுச் சட்டை, பழைய பருத்திப் புடவைத் துண்டு ஒன்று. மதுரை வெயிலிலிருந்து ஏசிக்குள் போகும்போது அந்தத் துண்டு போர்வை, பால் கொடுக்கும்போது மறைப்பு, கக்கினால் துடைக்க. புதுத் துணியைவிட ஆச்சியின் புடவை நல்லது, பிள்ளைக்கு அந்த வாசனை தெரியும்.

தோள்பையில் அம்மாவுக்கு ஒரு மாற்று மேல்சட்டை. இதை யாரும் எழுதி வைப்பதில்லை. பிள்ளை கக்குவது பிள்ளை மேல் அல்ல.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வேறெதுவும் வேண்டாம். பவுடர் பால் என்றால் அளந்த பொடியைச் சின்ன டப்பாக்களில் தனித்தனியாகவும், கொதித்த நீரைப் பிளாஸ்கிலும் கொண்டுபோங்கள். கலந்து எடுத்துப் போனால் கெட்டுவிடும். பாதுகாப்புச் சோதனையில் குழந்தைக்கான பாலையும் தண்ணீரையும் வழிக்குத் தேவையான அளவு அனுமதிப்பார்கள். திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள். எட்டு மாதத்துக்கு மேல் ஆன பிள்ளைக்குச் சிறுமலைப் பழம் இரண்டு. அளவில் சின்னது, உறை கூடவே வருகிறது, கரண்டியால் சுரண்டிக் கொடுத்துவிடலாம்.

லேகியம், நெய், ஊறுகாய் பெரிய பெட்டிக்கு. கிளம்பும்போது கோயிலில் கொடுத்த தேங்காயைத் தோள்பையில் போட்டால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கொப்பரை பெட்டியில்கூடக் கூடாது. எண்ணெய்ப் பசையால் தீப்பற்றக்கூடியது என்று தடை.

தூங்க வைக்கச் சளி மருந்து கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். குழந்தை மருத்துவர்கள் அதைக் கூடாது என்றே சொல்கிறார்கள். வசம்பு உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். தூளியில் ஆடித்தான் தூங்குவேன் என்கிற பிள்ளை என்றால், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே பகலில் ஒரு தூக்கத்தை மடியில் பழக்குங்கள்.

வீட்டு வாசலிலிருந்து விமானப் படிவரை

உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். கவுண்டரைப் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். நகருக்குள்ளிருந்து வில்லாபுரம், அவனியாபுரம் வழியாக வருவதுதான் எல்லாருக்கும் பழக்கம். பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அன்று அந்த வழியை மறந்துவிட்டு ரிங் ரோட்டில் மண்டேலா நகர் வந்து திரும்புங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக்கு வடக்கே குடியிருப்பவர்களும் அப்படித்தான்.

வழியனுப்ப வருகிறவர்கள் நுழைவாசலோடு சரி. அங்கே நிற்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர் சீட்டையும் அடையாள அட்டையையும் பார்த்துத்தான் விடுவார். ஆகவே திருநீறு பூசுவது, பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்குவது, அழுவது எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் அம்மா வாசலில் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று கால் மணி நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை நின்றது.

பாதுகாப்புச் சோதனையில் தள்ளுவண்டி, தூக்கும் பட்டை எல்லாம் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும், பிள்ளை உங்கள் கையில். பெண்களைத் திரைபோட்ட மறைவில் பெண் காவலர்தான் சோதிப்பார். எங்கள் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண், காலில் தண்டை, கையில் காப்பு, எல்லாம் அத்தைமார் சீர். கருவி அவன் இடுப்பருகே வந்ததும் கீச்சிட்டது, காலருகே கீச்சிட்டது, கைக்குப் போனால் மறுபடியும். அவன் அந்தச் சத்தத்துக்குச் சிரித்தான். காவலர் ஒவ்வொன்றையும் துணியை விலக்கிப் பார்த்துத்தான் விட்டார். தடை எதுவும் இல்லை, நேரம்தான் போயிற்று. ஊர் போனபின் போட்டுக்கொள்ளலாம் என்று கழற்றித் தோள்பையில் வைத்தால் சுலபம்.

உள்ளே போனதும் குழந்தைப் பராமரிப்பு அறை எங்கே என்று கேட்டு வையுங்கள். ஏறச் சொல்லி அழைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு டயப்பரை மாற்றிவிடுங்கள், நனையாவிட்டாலும். குழந்தையோடு இருப்பவர்களை முதலில் ஏறச் சொல்வார்கள். துணைக்கு ஆள் இருந்தால் அவரைப் பையோடு முதலில் அனுப்பிவிட்டு, நீங்கள் பிள்ளையோடு கடைசியில் ஏறுங்கள். நெருக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

காது

விமானம் மிக உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தத்தை 6000 முதல் 8000 அடி உயர மலையில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 7000 அடி. பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்கும்போது காது அடைக்கிறதல்லவா, அதையே அரை மணி நேரத்துக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான், தொண்டைக்கும் காதுக்கும் நடுவிலுள்ள குழாய் திறந்து காற்றை உள்ளே விட வேண்டும். குழந்தைக்கு அந்தக் குழாய் குறுகலானது. சளி இருந்தால் இன்னும் அடைத்துக்கொள்ளும். விழுங்கும்போது அது திறக்கும்.

ஆக, பால் கொடுக்க வேண்டிய முக்கிய நேரம் இறங்கும்போது. நாங்கள் செய்த தப்பு: உட்கார்ந்ததுமே கொடுத்தோம். விமானம் கதவை மூடி, ஓடுபாதைக்குப் போய், கிளம்புவதற்குள் அவன் வயிறு நிறைந்து தூங்கிவிட்டான். இறங்கும்போது விழித்துக் கதறினான், பாலை வாயில் வாங்கவில்லை. ஏறும்போது சக்கரம் தரையை விட்டபின் கொஞ்சம் கொடுங்கள். மீதியை, தரையிறங்கப் போகிறோம் என்று அறிவிக்கும்வரை நிறுத்தி வையுங்கள். அது பெரும்பாலும் இருபது, முப்பது நிமிடத்துக்கு முன்பு வரும். தலை சற்று உயர்ந்திருக்கட்டும். நல்ல தூக்கத்தில் இருந்தால் எழுப்ப வேண்டாம், முகம் சுளித்து நெளிந்தால் உடனே கொடுங்கள். எதற்கும் மசியாமல் அழுதால் அழட்டும், அழுகையிலும் அந்தக் குழாய் திறக்கும். பக்கத்துச் சீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். எங்களுக்கு அடுத்த வரிசையிலிருந்த ஓர் அம்மா, "நாக்கு வறண்டிருக்கும்த்தா, நீ தண்ணி குடிச்சிட்டுக் குடு" என்றார். உள்ளே காற்று அவ்வளவு வறட்சி; பால் கொடுக்கிறவள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெல்ட்டைப் பற்றி ஒன்று. பணிப்பெண் தரும் சின்ன பெல்ட்டை உங்கள் பெல்ட்டில் கோத்து, அதைத்தான் பிள்ளைக்கு மாட்ட வேண்டும். உங்கள் ஒரே பெல்ட்டுக்குள் இரண்டு பேரும் என்றால், திடீரென்று குலுங்கும்போது உங்கள் எடை முழுக்கப் பிள்ளை மேல் விழும்.

இறங்கியபின்

எல்லாரும் எழுந்து நிற்கட்டும், நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். ஏடிஆரின் படி குறுகல், ஒரு கையில் பிள்ளை, மறு கை கைப்பிடியில் இருக்க வேண்டும். பையைத் துணைக்கு வந்தவரிடம் கொடுங்கள், தனியாக வந்திருந்தால் பணிப்பெண்ணிடம் கேளுங்கள். தள்ளுவண்டி விமானப் படியருகே வருமா, பெட்டிகளோடு பெல்ட்டில் வருமா என்பதை மதுரையில் ஒப்படைக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் டாக்ஸிக்கு ஓட வேண்டாம். விமான நிலையத்துக்குள்ளேயே டயப்பரை மாற்றி, ஒரு வேளை பாலை முழுதாகக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில் இருக்கிறது. அங்கிருந்து நகரத்தின் தென்கோடியில் வீடு என்றால், வானத்தில் வந்த நேரத்தைவிட அதிக நேரம் சாலையில் நிற்க வேண்டியிருக்கும். அதற்குள் மதுரையிலிருந்து அம்மாவின் மூன்றாவது போன் வந்திருக்கும்.