நாட்டுப்புற வாழ்க்கையும் சைக்கிளும்

நாட்டுப்புறத்தில் வாழ்வோர் தூரத்தைப் பொழுதைக்கொண்டே அளப்பர். நகரத்தார்க்கு உப்பும் மருந்தும் தெருமுனையிலேயே கிடைக்கும். சிற்றூராரோ மாவு அரைப்பதற்கும், தபால் சேர்ப்பதற்கும், வங்கியில் பணம் எடுப்பதற்கும் ஊரெல்லையைக் கடந்து செல்லல் வேண்டும். ஒரு சிறு காரியத்திற்காக அரைநாள் கழிந்துபோதல் அங்கே இயல்பு. இந்நிலையில் சைக்கிள் என்னும் துவிசக்கர வண்டி செய்யும் உதவி யாதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் ஒரு கணக்கைக் காண்போம். கடைத்தெரு 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதெனக் கொள்க. மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் போய் வருவதற்கு 3 மணி 12 நிமிடம் ஆகும். மணிக்கு 15 கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பவர்க்கு 1 மணி 4 நிமிடமே போதும். மிஞ்சுவது இரண்டு மணிக்கு மேற்பட்ட பொழுது. இத்துணை வேகத்திற்கு உடலுழைப்பு மிகுதியும் வேண்டுவதில்லை. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கால்கள் உடலின் பாரத்தைத் தாங்கி எழுப்புகின்றன. சைக்கிளிலோ அப்பாரத்தை இருக்கை ஏற்க, கால்கள் வண்டியைச் செலுத்துவதற்கே பயன்படுகின்றன.

இவ்வசதி ஒரே நாளில் வந்ததன்று. முற்காலத்தில் வழங்கிய உயர்சக்கர வண்டி ஏறுதற்கு அரியது, விழுந்தால் அபாயம். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் அமைந்த வண்டியை வெளியிட்டார். 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். மேடுபள்ளமான வண்டிப்பாதைக்கும் வரப்போரத் தடத்திற்கும் சைக்கிள் ஏற்றதாயிற்றென்றால், அதற்கு இவ்விரு மாறுதல்களே காரணம்.

இனி, சுமை ஏற்றும் முறையைக் கூறுவோம். பாரம் எவ்வளவு தாழ்ந்திருக்கின்றதோ அவ்வளவு வண்டி தள்ளாடாது. ஆதலின் கேரியரின் மேல் மூட்டையை உயர அடுக்குவதினும், இருபுறமும் சமமாகத் தொங்கவிடுதல் நன்று. பால்காரர் இருபக்கமும் கேன்களை மாட்டுவதன் நுட்பம் இதுவே. கைப்பிடியில் கனமான பையை மாட்டினால், திருப்பும்போது அஃது ஊசலாடி வண்டியை இழுக்கும். சக்கரக் கம்பியிற் சிக்கினால் ஆளையே கவிழ்த்துவிடும். மூட்டையைக் கட்டுவதற்குப் பழைய டியூபை நீளவாக்கில் கீறிய பட்டையினும் சிறந்த கயிறில்லை. இழுத்துக் கட்டினால் தளராது. பல காரியங்கள் இருப்பின், வங்கி, தபால் முதலிய கனமில்லாதவற்றை முதலில் முடித்து, அரிசியையும் எண்ணெயையும் வீடு திரும்பும் நேரத்தில் ஏற்றுக. புறப்படுமுன் டயரில் காற்றும், பிரேக்கும் சரியாக உள்ளனவா எனப் பார்த்தல் கடமை. பொழுது சாய்ந்து திரும்பவேண்டியவர்க்கு விளக்கு இன்றியமையாதது.

இவையெல்லாம் வண்டியின் பயன்கள். ஆயினும் இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு; அதனைப் புதுக்கோட்டை மாவட்டம் உலகறியக் காட்டிற்று. அங்கே 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் விடுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் இம்முயற்சிக்குப் பெருந்துணை புரிந்தார். அதற்கு முன், விளைபொருளை விற்கச் செல்லும் பெண், பஸ் நிற்குமிடம் வரை தன்னைக் கொண்டுசேர்க்கத் தந்தையையோ தமையனையோ கணவனையோ எதிர்பார்த்திருந்தாள், பஸ்ஸிற்குக் காத்திருந்தாள், வீட்டு வேலையை எண்ணி விரைந்து திரும்பினாள். சைக்கிள் கற்றபின் தானே சென்றாள். கூடுதலான ஊர்களில் விற்றாள். பிள்ளையையும் தண்ணீர்க் குடத்தையும் அதிலேயே ஏற்றி வந்தாள். 1992-இல் ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தனர். பெண்களுக்கான வண்டி கிடைப்பது அரிதானபோது பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். முன்னே உள்ள பாரில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதனையே விரும்பினாரும் உளர். இச்செய்திகளைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரிற் கண்டு எழுதியுள்ளார். ஏளனமாகப் பேசினோர் இல்லாமலில்லை. அதற்காக அப்பெண்கள் வண்டியை விட்டு இறங்கினாரல்லர்.

ஆகவே நாம் அறியத்தக்கது யாதெனில், சைக்கிள் மிச்சப்படுத்தும் இரண்டு மணிநேரத்தினும், பிறர் வரவை எதிர்பாராது தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்ளும் உரிமை பெரிது. இன்று சிற்றூர்களிலும் மோட்டார் சைக்கிள் மலிந்துவிட்டது. எனினும் அது பெரும்பாலும் வீட்டிற்கு ஒன்று. அதன் சாவியும் பெரும்பாலும் ஆடவர் கையில். பெட்ரோலும் லைசென்சும் வேண்டாத சைக்கிளோ பள்ளிச் சிறுமிக்கும் கைகூடும்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் வீட்டில் யார் யார் காரியம் யாருடைய வரவிற்காகக் காத்துக் கிடக்கின்றதென்று உற்று நோக்குங்கள். அங்கே சைக்கிள் விடத் தெரியாத தாயோ தங்கையோ இருப்பின், இருக்கையைப் பின்னிருந்து பிடித்துக்கொண்டு சில மாலைப்பொழுது உடன் ஓடுங்கள். கையை விடவேண்டிய நேரம் விரைவில் வரும். அப்போது தயங்காமல் விட்டுவிடுங்கள்.