இல்லை என்று எழுதுமுன்



திருத்தணியிலிருந்து நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். வயிறு உப்பி வந்த பச்சிளங்குழந்தை, மலக்குடல் பயாப்சி, ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்ற முடிவு. படங்கள் அபாரம். இவ்வளவு சுத்தமாக வெட்டிய பயாப்சியைப் பார்ப்பது அரிது. ஆனால் ஒரு வரி கண்ணில் மண்ணாக உறுத்துகிறது: “முயல் மோனோகுளோனல் எதிர்பொருளால் சாயமேற்றினோம்; கால்ரெட்டினின் இல்லை.” எந்தக் குளோன்? எந்தக் கன்ட்ரோல்? இரண்டும் இல்லாமல் ‘இல்லை’ என்று எப்படி எழுதினாய்?

மீசோதீலியோமா என்ற புற்றுநோயில் கால்ரெட்டினின் சாயத்தின் பழுப்பு நிறம் தெரிந்தால் அந்த நிறமே சாட்சி சொல்லும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயில் நிறம் தெரியாததுதான் சாட்சி. கால்ரெட்டினின் உள்ள நரம்பிழைகள் உண்மையிலேயே இல்லாவிட்டாலும் ஸ்லைடு வெறும் நீலமாக இருக்கும். சாயம் வேலை செய்யாவிட்டாலும் அதே நீலம்தான். இரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால் நல்ல குடலையும் அறுத்துவிடுவார்கள். சாதாரணச் சாயத்திலேயே குடலின் நரம்புச் செல்லான கேங்க்லியான் செல் இல்லை என்று பார்த்தாயிற்றே என்பாய். பிறந்த குழந்தையின் கேங்க்லியான் செல் முதிராமல் சிறுத்திருக்கும், பக்கத்துச் செல்லோடு கலந்து ஏமாற்றும். அதனால்தானே கால்ரெட்டினினைத் தேடிப் போகிறோம்? நிறுவனமே சோதித்து அனுப்பிய எதிர்பொருள் என்றும் சொல்லலாம். அவர்கள் சோதித்தது அவர்களுடைய பிளாக்கில். நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வரும் துண்டு ஃபார்மலினில் எத்தனை மணி நேரம் கிடந்தது, உன் ஊர் மே மாத வெயிலில் மின்சாரம் போனபோது குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா, ஆன்டிஜெனைச் சூடேற்றி மீட்கும் படி சரியாக நடந்ததா என்பதெல்லாம் குப்பியின் லேபிளில் இருக்காது.

‘முயல்’ என்பது பெயரே அல்ல. திருத்தணிக் கடைத்தெருவில் ‘தணிகாசலம்’ என்று மட்டும் கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? கால்ரெட்டினின் என்ற புரதத்தில் 271 அமினோ அமிலங்கள். ஒவ்வொரு குளோனும் அதில் ஒவ்வோர் இடத்தைப் பிடிக்கும். பாதிக்கு மேல் ஒத்த உடன்பிறப்பான கால்பைண்டினைத் தொடாத குளோனா என்பதும் தெரியவேண்டும். குளோன் எஸ்பி65 என்றால் எஸ்பி65 என்றே எழுது. அந்தப் பெயருக்குப் பின்னால் நெடிய உழைப்பு இருக்கிறது. கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் எலிச் செல்லில் மோனோகுளோனல் எதிர்பொருளுக்கு வழி திறந்தார்கள். முயல் செல்லோடு இணைக்க ஏற்ற துணைச் செல் கிடைக்காமல் இருபது ஆண்டுகள் போயின. 1995-இல்தான் சிகாகோ அருகே கேத்தரின் நைட் குழுவினர் அதை உருவாக்கினார்கள். முயல் தன் எதிர்பொருள்களின் பல்வகைமையைப் பெருக்கிக்கொள்ளும் முக்கிய இடம் அதன் குடல்வால் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நமக்கு வேண்டிய கன்ட்ரோலும் குடல்வால்தான், மனிதக் குடல்வால். அறுவை அரங்கில் அதற்குப் பஞ்சமில்லை. செலவு பற்றிய பேச்சுக்கும் இடமில்லை. அதன் நரம்பு முடிச்சுகள் அடர்பழுப்பாக ஏறும். அது மட்டும் போதாது. சாயம் பாதி செத்திருந்தாலும் அவை ஏறிவிடும். மெலிதாக ஏறும் அட்ரினல் புறணியையும் பக்கத்தில் வை.

அந்தக் குழந்தையின் பிளாக் உன் அலமாரியில் இன்னும் இருக்கும். புதிதாக ஒரு வெட்டு எடு, மூன்றையும் ஒரே ஸ்லைடில் ஏற்று, படத்தை எனக்கு அனுப்பு.