பித்தளை றெக்கை, 900 சுற்று

1910-ஐ ஒட்டிய மேசை ஃபேனைப் போல ஒன்றைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள், பித்தளைக் கூடும் கறுப்புப் பீடமும் கண்ணில் நிற்க, அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். திருவனந்தபுரம் அருகே கழக்கூட்டத்தில் என் வீட்டுப் பின்கட்டில் ஒன்றை உருவாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: றெக்கையிலிருந்து தொடங்குங்கள். அந்த ஃபேன்களின் அழகில் பாதி, நிதானமாகச் சுற்றி அகலமாகக் காற்றைத் தள்ளுவதில் இருக்கிறது. மோட்டாரை அதற்கு ஏற்பத்தான் தேட வேண்டும்.

இன்றைய மேசை ஃபேன் பெரும்பாலும் நான்கு போல் (காந்தத் துருவம்) கொண்ட மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். றெக்கை 1350 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். அதில் ஆழமாக வளைத்த பித்தளை றெக்கையை மாட்டினால் மோட்டார் திணறிச் சூடேறும். றெக்கையின் சுமை வேகத்தின் மும்மடியாக ஏறுவதே காரணம். 900 சுற்றுக்கு இறக்கினால் அதே றெக்கைக்குப் பத்தில் மூன்று பங்கு சக்தி போதும். அதற்கு ஆறு போல் வேண்டும். கடைகளில் கிடைக்கும் 900 சுற்று எக்ஸாஸ்ட் ஃபேனின் ஸ்டாம்பிங்கும் ரோட்டாரும் இதற்குத் தோது. தகடு வெட்ட டை போடுவதெல்லாம் வீட்டு வேலை இல்லை. அதில் வீம்பு வேண்டாம். அமெரிக்க வரைபடங்களை அப்படியே பின்பற்றாதீர்கள். அவை 60 சைக்கிள், 110 வோல்ட்டுக்குப் போட்டவை. ஆறு போலின் காந்தப்புலம் அங்கே 1200 முறை சுழலும், இங்கே 1000. றெக்கையை இன்னும் சற்றுச் சாய்த்தால்தான் அதே காற்று வரும்.

காயில் கட்டித் தந்தவர் நாகர்கோவில்காரர். "அண்ணாச்சி, கண்டன்சர் இல்லாம இந்தக் கனத்தத் தூக்காது. அதப் பீடத்துக்குள்ள ஒளிச்சிரலாம்" என்றார். அசலில் கண்டன்சர் கிடையாதுதான். ஆனால் பித்தளை, அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு கனம். ஒளித்துவிட்டோம்.

றெக்கைக்கு ஒரு மில்லிமீட்டர் தகடு. புளியங்கட்டையில் குழி செதுக்கி, அதன்மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டினேன். தட்டத் தட்டப் பித்தளை முறுகும். மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டு ஆறவிட்டால் மறுபடி இளகும். நான்கு றெக்கையும் ஒரே குழியில் பிறந்தாலும் ஒரே எடை இருக்காது. நடுக்குடத்தில் ரிவெட் அடித்தபின் மெல்லிய எஃகுக் கம்பியில் கோத்து, மட்டம் பார்த்த இரண்டு கத்தி விளிம்புகள்மேல் உருட்டுங்கள். கனமான றெக்கை கீழே வந்து நிற்கும்; அதன் ஓரத்தை அராவ வேண்டும். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும்வரை பொறுமை தேவை. பிறகு நுனியருகே ஒரு குச்சியை ஊன்றிக் கையால் சுழற்றிப் பாருங்கள். எல்லா நுனியும் ஒரே இடத்தைத் தொட்டுப் போகாவிட்டால், எடை சரியாக இருந்தும் ஃபேன் உறுமும். குடத்தின் திருகு உட்கார ஷாஃப்டில் ஒரு பக்கம் தட்டையாக அராவிவிடுங்கள். இவ்வளவு கனம் கழன்று பறந்தால் விளையாட்டல்ல.

பீடத்துக்கு மர அச்சு செய்து வார்ப்புப் பட்டறையில் கொடுத்தால் போதும். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் நூற்றுக்கு ஒன்று சுருங்கும், அச்சை அந்த அளவு பெரிதாக்குங்கள். கடைசல் போடும் இடங்களில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

இங்கே கடல் பக்கம். ஒரு மழைக்காலத்தில் பித்தளை கறுத்துவிடும். புளி போட்டுத் தேய்த்தால் ரிவெட் இடுக்கில் புளிப்பு தங்கிப் பச்சை பூக்கும், நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். லாக்கர் எனக்குப் பிடிக்காது. மெழுகு போதும்.

திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் 1929-இல் வந்தது. அந்தக் கால உணர்வுக்காக எர்த் இல்லாத இரண்டு முள் பிளக் போடுவதை மட்டும் மன்னிக்க மாட்டேன். உடம்பு முழுக்க உலோகம்; மூன்று முள் கட்டாயம். 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் உடம்புக்கும் இடையே இன்சுலேஷன் ஒரு மெகோமுக்குக் குறைந்தால் சுவரில் செருகாதீர்கள். பழைய கூட்டின் இடைவெளியில் குழந்தையின் கை முழுதாக நுழையும், ஆகவே கம்பிகளை நெருக்கியே வைத்தேன். பழைமைப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

வேகத்துக்குப் பீடத்துக்குள் சோக் காயில். பழைய ஃபேன்கள் பலவற்றில் இருப்பது போல, நிறுத்தத்துக்கு அடுத்த புள்ளியை முழு வேகமாகவே வையுங்கள். கனமான றெக்கை முழு வோல்ட்டேஜில் கிளம்பட்டும், குறைப்பது பிறகு.