பறவையைச் சொல்லுங்கள், கூட்டைச் சொல்லாதீர்கள்

மாணவர்களே, உபின் தீவில் விடியற்காலையில் நடந்தால், உரத்த, இனிமையான பாட்டொலி ஒன்று உங்கள் காதில் விழக்கூடும். பல நேரங்களில் இரண்டு பறவைகள் சேர்ந்தே பாடும். அதுதான் வைக்கோல்தலைப் புல்புல். மலாயில் ‘பாராவ்-பாராவ்’ என்பார்கள். தலை வைக்கோல் நிறம், தொண்டை வெள்ளை, அலகருகே மீசைபோல் ஒரு கறுப்புக் கோடு. நீளம் ஏறத்தாழ 29 செ.மீ.

இந்தப் பறவைக்குக் குரலே பகை. பாட்டுக்காகக் கூண்டில் வளர்க்க, காடுகளில் இதைத் தொடர்ந்து பிடித்தார்கள். தாய்லாந்திலும் ஜாவாவிலும் இது காட்டிலிருந்து மறைந்தேபோனது. 2018இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. காட்டில் பிடித்த பறவைகளை நாடுகளுக்கிடையே வணிகம் செய்வதைத் தடுக்க, 2022இல் கடுமையான விதி வந்தது. எஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடங்களில் ஒன்று சிங்கப்பூர்.

அப்படியானால் நம் அண்டை வீட்டுப் பறவையைப் பற்றி நாம் எழுத வேண்டாமா? கட்டாயம் எழுத வேண்டும். இதைப் பற்றிய தகவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நீங்கள் தமிழில் எழுதி இணையத்தில் இடும் பத்து வரி, உங்கள் தாத்தா பாட்டியின் கைத்தொலைபேசி வரை போகும். ஆனால் எழுதும்போது இரண்டு செய்திகளில் கவனம் வேண்டும்.

முதலாவது: துல்லியம்

இப்பறவையின் அறிவியல் பெயர் ‘பிக்னோனோட்டஸ் சைலானிகஸ்’. சைலானிகஸ் என்றால் இலங்கையைச் சேர்ந்தது என்று பொருள். ஆனால் இது இலங்கையில் வாழும் பறவையே அல்ல! 1789இல் பெயர் வைத்தபோது, பறவை வந்த இடம் தவறாகப் பதிவாகியிருந்தது. 230 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பிழை பெயரிலேயே நிற்கிறது. ஒரு பிழை எழுத்தில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம்.

ஆகவே பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுங்கள். “பறவைகள் சோகமாக இருந்தன” என்பது ஊகம். “காலை 7.10 மணிக்கு இரண்டு பறவைகள் மாறி மாறி நான்கு நிமிடம் பாடின” என்பது நீங்கள் கண்டது. இரண்டாவது வரிதான் ஆய்வாளருக்கும் உதவும்.

இரண்டாவது: இடம்

உங்கள் குறிப்பேட்டில் சரியான இடத்தை எழுதுங்கள். பொதுவில் மட்டும் அதைச் சொல்லாதீர்கள். “மூன்றாம் பாலத்துக்கு அருகே, மூங்கில் புதரில்” என்று எழுதினால், அது பறவை பிடிப்பவருக்கு நீங்களே வரைந்து கொடுக்கும் வழிகாட்டிப் படம். ‘உபின் தீவு’, ‘ஜோகூர்’ என்ற அளவே போதும். கைத்தொலைபேசியில் எடுத்த படக் கோப்புக்குள்ளும் இருப்பிடத் தகவல் ஒளிந்திருக்கலாம். பதிவேற்றும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இயற்கைப் பதிவுத் தளம் இதைத் தானாகவே செய்கிறது. அருகிவரும் உயிரினம் என்றால், உண்மையான இடத்துக்குப் பதிலாக 0.2 பாகைக்கு 0.2 பாகை அளவுள்ள கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியைத்தான் மற்றவர்களுக்குக் காட்டும். கணக்குப் போடுவோமா? நிலநடுக்கோட்டருகே ஒரு பாகை சுமார் 111 கி.மீ. எனவே 0.2 பாகை சுமார் 22 கி.மீ. கட்டத்தின் பரப்பு 22 × 22 = 484 சதுர கி.மீ. சிங்கப்பூரின் பரப்பளவில் பாதிக்கும் மேல்! அவ்வளவு பெரிய பரப்பில் ஒரு கூட்டைத் தேடுவது எளிதல்ல.

இந்த வாரப் பயிற்சி

உங்கள் வட்டாரத்தில் அருகிவரும் ஓர் உயிரினத்தைத் தேர்ந்தெடுங்கள். எறும்புத்தின்னியாகவும் இருக்கலாம், மலாயாப் புலியாகவும் இருக்கலாம். பத்து வரி எழுதுங்கள்: அதை எப்படி அடையாளம் காண்பது, அதற்கு என்ன ஆபத்து, வாசிப்பவர் என்ன செய்யலாம். புல்புல்லுக்கானால், “காட்டில் பிடித்த பறவையை வாங்காதீர்கள்” என்பதே கடைசி வரி.

முடித்ததும் நண்பரிடம் கொடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: “இதைப் படித்துவிட்டு அந்த விலங்கு இருக்கும் இடத்தை உன்னால் கண்டுபிடிக்க முடியுமா?” முடியும் என்றால், இன்னும் ஒரு வரியை அடிக்க வேண்டும்.